ஜாடியைத் தொட்டவள்

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அம்மா அந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலுமிச்சை ஊறுகாய், 300 கிராம். முன்பக்கம் பெரிய பொட்டும் கொண்டையுமாகச் சிரிக்கிற ஒரு பாட்டி. பின்பக்கம் கடுகைவிடச் சிறிய ஆங்கில எழுத்துகள்.

“என்னல்லாம் போட்டிருக்கான், வாசிட்டி.”

தினமும் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவள். ஆனால் தன் தட்டில் விழப்போவது என்ன என்று அறிய அவளுக்கு நான் வேண்டும். லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் இருந்தால் கூடுதல், இல்லாவிட்டால் குற்றமில்லை. கல்லூரியில் சங்கப் பாட்டுக்கு உரை சொல்கிறவள் வீட்டில் ஊறுகாய் பாட்டிலுக்கு உரை சொன்னேன். எலுமிச்சைத் துண்டுகள், உப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், வெந்தயம், அமிலம் 260, பிரிசர்வேட்டிவ் 211.

“நம்பர் போட்டா மருந்துதான. எனக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கும் போடாத.”

போன வருடம் மணிக்கட்டு முறியும்வரை எங்கள் வீட்டுக்குள் கடை ஊறுகாய் வந்ததில்லை. முதல் பாட்டிலைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர், “நீங்க வேலைக்குப் போறீங்க, பாவம்” என்றார். அந்தப் ‘பாவம்’ என் கணவருக்குச் சொல்லப்படவில்லை. அவரும் வேலைக்குத்தான் போகிறார்.

211 என்பது சோடியம் பென்சோயேட். புளிப்புள்ள பண்டத்தில் பூசணத்தையும் ஈஸ்டையும் வளரவிடாது. இதை வாசித்தபோது எனக்கு என் பதின்மூன்றாவது வயது நினைவுக்கு வந்தது. அந்த ஐப்பசியில் பெரிய பீங்கான் ஜாடியில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. ஆச்சி ஜாடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “தூரமா இருக்கும்போது தொட்டியா?” தொட்டிருந்தேன். பசி, பழைய சோறு, வீட்டில் யாருமில்லை. ஜாடி முழுவதும் கொல்லையில் கொட்டப்பட்டது. அன்று இரவு அப்பா ஊறுகாய் இல்லாத தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அடைமழை ஈரம், நனைந்த கரண்டி, மேலே மிதக்க வேண்டிய எண்ணெய் வற்றிப்போனது, இவை எதையும் யாரும் கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து ஒரு பாட்டிலின் முதுகில் அதற்குப் பதில் கிடைத்தது. பூசணத்தைத் தடுக்கிற வேலையை ஒரு சிட்டிகை உப்புப் பொருள் செய்துவிடுகிறது. ஆலையில் மூடி திருகுகிற பெண்ணுக்கு அன்று எத்தனையாவது நாள் என்று அது கேட்பதில்லை.

அதற்காக 211-க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சிலருக்கு அது தோலில் தடிப்பைக் கொண்டுவரும். ஆனால் எவ்வளவு போடலாம் என்று அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. நம் உணவு விதிகள் கெடாமல் காக்கும் பொருள்களை இரண்டு வகுப்பாகப் பிரிக்கின்றன. 211 இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் இருப்பவை உப்பு, சர்க்கரை, வினிகர், எண்ணெய், மசாலாப் பொருள்கள். முதல் வகுப்புக்குப் பொதுவாகக் கட்டுப்பாடு இல்லை. அப்படிப் பார்த்தால் அம்மாவின் ஜாடி முழுக்க முழுக்க பிரிசர்வேட்டிவ்தான்.

வேதியியல் துறைத் தோழி பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, “நீ நம்பரை விடு, சோடியத்தைப் பார்” என்றாள். 100 கிராமுக்கு 5,200 மில்லிகிராம். இதில் 211-இலிருந்து வருவது இருபது மில்லிகிராம்கூட இருக்காது, மற்றதெல்லாம் உப்பு. பத்து கிராம் ஊறுகாய் போட்டுக்கொண்டால் ஒரு நாளைக்கான 2,000 மில்லிகிராமில் 26 சதவீதம் தீர்ந்தது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பிறகு, கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிற ஒன்றை அம்மாவிடம் கேட்டேன். அவள் பக்குவம். ஒரு கிலோ எலுமிச்சைக்கு 200 கிராம் கல்லுப்பு. நல்லெண்ணெய், வற்றல், வெந்தயம் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ தேறும். தோழி பெருக்கி வகுத்தாள். 100 கிராமுக்கு ஏறக்குறைய அதே 5,200.

அம்மா இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறாள். அப்பா பக்கவாதத்தில் போனார். கணக்கை அவளிடம் சொல்லாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். பிறகு, உப்புதான் அம்மா, கடையிலும் அவ்வளவுதான், நம்ம வீட்டிலும் அவ்வளவுதான் என்று மட்டும் சொன்னேன்.

வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அப்ப உங்கப்பாவுக்கு நான் போட்டதும்?”

இதற்குத்தான் பயந்திருந்தேன். ஜாடியைக் கொட்டிய கொல்லையில் மறுபடி ஒருத்தியைக் கொண்டு நிறுத்திவிட்டேன். ஊறுகாயை விடுங்கள் என்று மருத்துவர் அப்பாவிடம்தான் சொன்னார், ஊறுகாய் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளியதும் அவர்தான், சிகரெட்டும் நீ வாங்கிக் கொடுத்ததில்லை என்றேன். உண்மைதான். அவள் முகம் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி இல்லை.

இரவு சாப்பாட்டில் அவளாகவே பாட்டிலைக் கேட்டாள். “பத்து கிராம்னா எவ்வளவு?” டீஸ்பூனில் இரண்டு எடுத்துக் காட்டினேன். “இவ்வளவா!” என்றாள். ஒரு துண்டை எடுத்து, மசாலாவைப் பாட்டிலின் விளிம்பிலேயே வழித்துவிட்டு, நகத்தால் நாலாகக் கிள்ளி, ஒன்றை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டாள். மீதி மூன்றையும் என் தட்டில் போட்டாள்.