மிச்சமிருக்கும் கீற்று

கழுத்துத் தண்டுவட அறுவை முடிந்து ஒரு மாதம் ஆனவர்கள் வரும் நாள். அரசு மருத்துவமனையின் அந்தச் சின்ன அறைக்குள் சக்கர நாற்காலி நுழைய, மூலையில் இருக்கும் நானும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். வந்திருப்பவர் தென்னை ஏறுகிறவர். மரத்திலிருந்து விழுந்ததில் கழுத்து முள்ளெலும்பு நொறுங்கிவிட்டது. தண்டுவடத்தின் மேலிருந்த அழுத்தத்தை நீக்கி, கம்பியும் திருகும் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். காய்த்துப்போன உள்ளங்கைகள் மடியில் கிடக்கின்றன. மனைவியின் கையில் ஸ்கேன் கவர்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகுகிறார். கழுத்தை நெடுக்காகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம். சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடம் சாம்பல் பட்டையாக இறங்குகிறது. முன்னும் பின்னும் வெள்ளையாகத் தெரிவது மூளைத் தண்டுவடத் திரவம். அடிபட்ட இடத்தில் பட்டைக்குள்ளேயே ஒரு வெள்ளைத் திட்டு. திசு அழிந்து நீர் கோத்த குழி.

"இதைப் பாருங்க." பயிற்சி மருத்துவர்கள் குனிகிறார்கள். திட்டுக்கும் முன்பக்கத் திரவத்துக்கும் நடுவே ஒடிசலாக ஒரு சாம்பல் கீற்று. "இது தப்பிச்ச திசு. ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். விபத்து நடந்த அன்னிக்குப் படத்துல வீக்கம்தான் பெருசாத் தெரியும். உள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா கறுப்பாக் காட்டும்; அது நல்லதில்ல. இவருக்கு அது இல்ல. எது போச்சு, எது மிச்சம்னு வீக்கம் வடிஞ்ச பிறகுதான் தெளிவாத் தெரியும்."

இந்தக் கீற்றைத் 'திசுப் பாலம்' என்கிறார்கள். ஜூரிக்கின் பால்கிரிஸ்ட் மருத்துவமனை ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து, பாலம் அகலமாக இருந்தவர்களுக்கு அசைவும் உணர்வும் கூடுதலாகத் திரும்புவதைக் காட்டியிருக்கிறார்கள்.

படத்தோடு டாக்டர் நின்றுவிடவில்லை. எழுந்து வந்து கால் கட்டைவிரலை ஊசி முனையால் தொடுகிறார். "குத்துதா?"

"என்னமோ படுது சார்."

விரலை ஆட்டச் சொல்கிறார். நெற்றி நரம்பு புடைக்கிறது, விரல் அசையவில்லை. மணிக்கட்டைத் தூக்கச் சொன்னதும் வலது கை நடுங்கியபடி எழும்புகிறது. அப்போது மடங்காத விரல்கள் தாமாகவே உள்ளே சுருள்கின்றன.

"எந்திரிச்சு நடந்துருவாகளா சார்?" மனைவி கேட்டுவிட்டார்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்காருகிறார். "நடப்பார்னு இன்னைக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா. நடக்கவே மாட்டார்னும் சொல்ல மாட்டேன். நரம்பு கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை வேலை வாங்கணும். மணிக்கட்டைத் தூக்கினா விரல் சுருளுது பாருங்க, அதை வச்சே டம்ளர் பிடிக்கப் பழகலாம். ராத்திரியும் ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைங்க. படுக்கைப் புண்ணு வந்துட்டா எல்லாம் தள்ளிப்போயிரும்."

ஸ்கேன் கையில் கிடைத்ததுமே "இனி அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லிவிடக்கூடும். அதை நம்பிப் பயிற்சியைக் கைவிட்டால், அந்த ரெண்டு மில்லிமீட்டரால் வரக்கூடியதும் வராமலே போகும். படம் சொல்வதை முழுதாகச் சொல்லவேண்டும், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. இந்த நேர்மை நோயாளிக்கு மருந்தைப் போலவே முக்கியம்.

இதுவரை தாமாக எதுவும் கேட்காமலிருந்த கணவர் டாக்டரை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார்: "பயிற்சிக்கு எத்தன மணிக்கு வரணும் சார்?"