ரெண்டு டிகிரி ஊர்!

''ரெண்டு டிகிரியா? ஐயோ, குளிருமேடா... ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?''

சேலத்தில் கிளம்பும்போது அம்மாச்சி கேட்ட கேள்வி. நான் சொன்னது படிப்பை. அவங்க புரிஞ்சுக்கிட்டது பனியை!

ஒரே மாஸ்டர்ஸ் படிப்பு, ரெண்டு நாட்டு யுனிவர்சிட்டி, கடைசியில் கையில் ரெண்டு பட்டம். இதுதான் 'டபுள் டிகிரி'. ரெண்டு யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் 'ஜாயின்ட் டிகிரி'. போன டிசம்பரில் சென்னையில் ஒரு ஹோட்டல் ஹாலில், கோட் போட்ட கன்சல்டன்ட் ஒருத்தர் புரொஜெக்டர் வைத்து விளக்கியது இது. ''ஒரே செலவு, ரெண்டு டிகிரி!'' என்று அவர் முடித்ததும், ஆடித் தள்ளுபடியைப் பார்த்த மாதிரி கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருத்தன். பக்கத்தில் இருந்த அப்பா தட்டவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, ''வீட்டுப் பத்திரத்தை வெச்சா பேங்க்ல எவ்வளவு தருவான்?'' என்று மட்டும் கேட்டார்.

அதனால், மூணாம் வருஷம் முடிந்து ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரத்தில் ரெண்டு மாத லேப் இன்டர்ன்ஷிப் கிடைத்தபோது, இரும்புத் துண்டுகளோடு சேர்த்து இந்த விஷயத்தையும் டெஸ்ட் பண்ணிவிடுவது என்று முடிவு பண்ணினேன். டபுள் டிகிரிக்குத் தலைநகரம் என்று ஒன்று இருந்தால், அது இந்த ஊர்தான்.

சார்ப்ரூக்கன், ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் 'சார்' என்ற ஆற்றங்கரையில் இருக்கிறது. (ஆற்றையே 'சார்' போட்டுக் கூப்பிடுகிற மரியாதையான ஊர்!) டிரெயின் ஏறினால் பத்து நிமிஷத்தில் ஃபோர்பாக் ஸ்டேஷன். அது பிரான்ஸ். நிலக்கரியும் இரும்பும் உள்ள பூமி என்பதால் ரெண்டு நாடும் இதற்காக முட்டி மோதியிருக்கின்றன. ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-லிருந்து சார்லாந்து பிரான்ஸின் பாதுகாப்பில் தனிப் பிரதேசம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தனி டீம் அனுப்பியது. 1954 உலகக் கோப்பை கால்பந்துத் தகுதிச் சுற்றில் மேற்கு ஜெர்மனியோடேயே மோதியது! 1955-ல் வாக்கெடுப்பு நடந்தது. 1957 ஜனவரி 1-ல் ஜெர்மனியோடு சேர்ந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே 1948-ல், பிரான்ஸின் நான்சி பல்கலைக்கழகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பிறந்ததுதான் சார்லாந்து பல்கலைக்கழகம். காட்டுக்கு நடுவே ஒரு பழைய ராணுவ முகாம்தான் கேம்பஸ். பாடம் அப்போதே ரெண்டு மொழியில். 1978-ல் சார்ப்ரூக்கனும், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெட்ஸ் நகரமும் சேர்ந்து இன்ஜினீயரிங், மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு கூட்டு இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்தன. ஐரோப்பிய யூனியனின் புகழ்பெற்ற 'எராஸ்மஸ் முண்டுஸ்' 2004-ல்தான் வந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னாடியே இங்கே பசங்க ரெண்டு பட்டத்தோடு அலைந்திருக்கிறார்கள்.

இன்னொரு சமாச்சாரம். 1997-ல் ரெண்டு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய பிராங்கோ-ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் இங்கேதான். முதல் சனிக்கிழமையே தேடிப் போனேன். கேம்பஸ் எங்கே, ஹாஸ்டல் எங்கே, டீக்கடை எங்கே? ஒன்றும் இல்லை. 'வில்லா யூரோப்பா' என்று ஒரு பங்களா. அவ்வளவுதான்! அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை. ரெண்டு நாட்டுக் கல்லூரிகளை ஜோடி சேர்த்து, படிப்பின் தரத்தைப் பார்த்து, எல்லை தாண்டுகிற பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சின்ன உதவித்தொகை கொடுப்பதுதான் வேலை. சுமார் 190 படிப்புகள், 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். வகுப்பறை மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாண புரோக்கர் ஆபீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்படி ஜோடி சேர்த்த ஒரு படிப்பில் இருக்கிற அக்காவை கேம்பஸ் கேன்டீனில் பிடித்தேன். புதுச்சேரிக்காரங்க. பேர் போடக் கூடாது என்பது கண்டிஷன். ஸ்கூலில் பிரெஞ்சு படித்தது, இங்கே வந்து ஜெர்மன் கற்றது, முதல் வருஷம் அந்தப் பக்கம், ரெண்டாவது வருஷம் இந்தப் பக்கம்.

''நாளைக்கு மெஸ்ஸுக்குப் போறேன். வர்றியா?''

''இப்ப மெஸ்லதானேக்கா உட்கார்ந்திருக்கோம்?''

சிரித்துச் சிரித்து அவங்களுக்குப் புரையேறிவிட்டது. நாம் மெட்ஸ் என்று படிக்கிற ஊரை பிரெஞ்சுக்காரர்கள் 'மெஸ்' என்றுதான் சொல்வார்களாம். ஜெர்மன்காரர்களுக்கு அது 'மெட்ஸ்'. பக்கத்து ஊர்ப் பேரைக்கூட ரெண்டு விதமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை டிரெயின். சுமார் ஒரு மணி நேரப் பயணம். இன்ஜினீயரிங் பசங்களுக்கு இந்த ரூட் ஒரு விருந்து! ஜெர்மனியில் ரயிலுக்கு 15,000 வோல்ட், எல்லை தாண்டினால் 25,000 வோல்ட். மின்சார டிரெயின் என்றால், ரெண்டையும் தின்கிறதாக இருந்தால்தான் எல்லை தாண்டி ஓட முடியும். அப்புறம், பிரான்ஸில் பெரும்பாலும் ரயில்கள் இடது பக்கத் தண்டவாளத்தில் ஓடும். மெட்ஸ் பகுதியிலும் அல்சாஸிலும் மட்டும் வலது பக்கம். ஏன்னா 1871-லிருந்து 1918 வரை இது ஜெர்மனி. ஆட்சி போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தண்டவாளத்தில் பழக்கம் போகவில்லை. மெட்ஸில் இறங்கினால் கோட்டை மாதிரி பிரமாண்டமான ஸ்டேஷன். அதுவும் 1908-ல் ஜெர்மன்காரர்கள் கட்டி முடித்ததுதான்.

சரி, அக்கா எதற்கு மெட்ஸ் போனாங்க? ஒரு லெட்டர் வாங்க.

முதல் வருஷம் மெட்ஸில் அவங்க சராசரி 20-க்கு 14. பிரெஞ்சு கணக்கில் 10 எடுத்தால் பாஸ், 14 என்றால் 'நன்று'. 16-க்கு மேல் என்பதெல்லாம் அபூர்வம். ஜெர்மனியில் தலைகீழ். 1.0-தான் உச்சம், 4.0 வரை பாஸ். வெளிநாட்டு மார்க்கை மாற்ற ஜெர்மனியில் ஒரு ஃபார்முலா வைத்திருக்கிறார்கள். 20-லிருந்து 14-ஐக் கழி, 10-ஆல் வகு, 3-ஆல் பெருக்கு, 1-ஐக் கூட்டு. விடை 2.8. ஜெர்மன் பாஷையில் அதற்குப் பேர் 'திருப்திகரம்'. எல்லை தாண்டும்போது அக்காவின் 'நன்று' டிரெயினிலிருந்து இறங்கிப் போய்விட்டது!

''ரெண்டு காலேஜுக்கும் நடுவுல தனி டேபிள் இருக்குடா. அதுப்படி என் மார்க் 2.0 கிட்ட வரும். ஆனா வேலைக்கு அப்ளை பண்ணின கம்பெனிக்கு அந்த டேபிள் தெரியாது. ஃபார்முலாவைப் போட்டாங்க, 2.5-க்கு மேல போயிடுச்சு, ரிஜெக்ட். ரெண்டு டிகிரி இருந்தும் ஒண்ணை இன்னொண்ணுக்கு நான்தான் டிரான்ஸ்லேட் பண்ணணும்.''

அதனால், 'வகுப்பில் மூன்றாவது ரேங்க்' என்று டிபார்ட்மென்ட்டில் ஒரு லெட்டர். அடுத்த அப்ளிகேஷனுக்கு அதை முன்னால் சொருகுவதாகத் திட்டம். வராண்டாவில் ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிரான்ஸாக இருந்தாலும் சேலமாக இருந்தாலும், சீல் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

லெட்டர் கிடைத்த சந்தோஷத்தில் மெட்ஸ் பேராலயத்துக்குள் நுழைந்தோம். சுவரே கண்ணாடியால் ஆனதோ என்கிற அளவுக்கு வண்ண ஜன்னல்கள், சுமார் 6,500 சதுர மீட்டர். சகால் வரைந்தவைகூட இருக்கின்றன. அந்த நீலத்தில் உட்கார்ந்துகொண்டு அக்கா கணக்குச் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒன்றரை வருஷத்தில் நாலு ரூம். ஒவ்வொரு முறையும் அட்வான்ஸ், பேங்க் அக்கவுன்ட், இன்ஷூரன்ஸ் எல்லாம் புதுசு. விசா சிக்கல் மட்டும் குறைவு. 2016-ல் ஐரோப்பிய யூனியன் போட்ட விதிப்படி, கூட்டுப் படிப்பில் இருப்பவர்கள் ஒரு நாட்டு மாணவர் பெர்மிட்டை வைத்தே இன்னொரு நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம். முன்கூட்டித் தெரிவித்தால் போதும்.

''ஃபீஸ் கம்மிதான். ஜெர்மனியில பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டிகள்ல டியூஷன் ஃபீஸே இல்ல. ஆனா விசாவுக்கு ஒரு வருஷச் செலவை பேங்க்ல முடக்கிக் காட்டணும். 2024-ல அது 11,904 யூரோ ஆச்சு. எங்க அப்பா எப்படிப் புரட்டினார்னு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட சொல்லல.''

பத்து லட்சத்துக்கு மேல்! அந்த ஹோட்டல் ஹாலில் 'ஒரே செலவு' என்றபோது இந்த ஸ்லைடு ஏன் வரவில்லை?

''அப்ப எதுக்குக்கா இதெல்லாம்?'' கேட்டேவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. ''இங்க எங்க வாத்தியார் பாதி கிளாஸ்ல ஒரு சமன்பாட்டை முழுசா நிரூபிப்பார். சார்ப்ரூக்கன்ல அதே சப்ஜெக்ட், நேரா லேபுக்கு அனுப்பி 'உடைச்சுப் பாரு'ன்னுவாங்க. ஒரே பாலத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமா யோசிக்கிறாங்க. எனக்கு இப்ப ரெண்டும் வருது. இது சர்டிபிகேட்ல இல்லடா.''

திரும்பும் டிரெயினில் ஃபோர்பாக் தாண்டியதும் சீருடையில் ரெண்டு பேர் ஏறினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இந்த எல்லையை இறுக்கியபோது, வகுப்பு ஒரு பக்கம், ரூம் ஒரு பக்கம் என்று சீனியர்கள் மாட்டிக்கொண்ட கதையை அப்போதுதான் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாங்க. 2024 செப்டம்பரில் ஜெர்மனி மறுபடியும் எல்லாத் தரை எல்லைகளிலும் செக்கிங் ஆரம்பித்தது. பெட்டியில் இருந்தவர்களைத் தாண்டி நேராக எங்களிடம் வந்தார்கள். அக்கா கார்டை நீட்டினாங்க. நான்? பாஸ்போர்ட்டை ரூமில் வைத்துவிட்டு ஜெராக்ஸோடு வந்த மகா புத்திசாலி! நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்காதான் ஜெர்மனில் பேசினாங்க. அவர்களில் ஒருத்தர் ஏதோ கேட்க, சட்டென்று பிரெஞ்சில் பதில். அவர் சிரித்துவிட்டு, ஜெராக்ஸையும் போனில் இருந்த விசா படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எனக்கு ஒரு லெக்சர் கொடுத்து விட்டுவிட்டார்.

''இன்னொரு தடவை இப்படி வந்தே, நானே பிடிச்சுக் குடுத்துடுவேன்'' என்றாங்க அக்கா.

நம் நாட்டிலும் 2022-ல் யு.ஜி.சி. விதி கொண்டுவந்து, தகுதியுள்ள கல்லூரிகள் வெளிநாட்டு யுனிவர்சிட்டியோடு சேர்ந்து ஜாயின்ட், டூயல் டிகிரி நடத்த வழி செய்திருக்கிறது. டூயல் டிகிரி என்றால் குறைந்தது 30 சதவிகித கிரெடிட் இங்கேயே படித்து எடுக்க வேண்டும். போகிறவர்கள் கன்சல்டன்ட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'அந்த மார்க் டேபிள் எங்கே?'. எராஸ்மஸ் முண்டுஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கவலையில்லை. ஆனால் போட்டி உலகம் முழுக்க.

ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு போன். நம் ஊரில் நடுராத்திரி தாண்டிவிட்டது, ஆனாலும் ஒரே ரிங்கில் எடுத்தார்.

''விசாரிச்சியாடா?''

''விசாரிச்சேன்ப்பா. பத்திரத்தை இப்ப வெளிய எடுக்காதீங்க. முதல்ல ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் பார்க்கறேன். அதுக்குள்ள ஜெர்மன் கிளாஸ் சேரணும்.''

''ஃபீஸ் எவ்வளவு?''

சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு. பின்னாலிருந்து அம்மாச்சி குரல்: ''ஸ்வெட்டர் போட்டிருக்கானான்னு கேளு!''