பட்டு நகரம் லியோனைக் காண ஆசை

வெளிநாடு செல்ல வாய்ப்புக் கிடைத்தால் எந்த நகரைக் காண விரும்புவீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது, தோழியரில் பலர் பாரிஸ் என்றனர். சிலர் லண்டன் என்றனர். உரோமாபுரி என்றவர்களும் உண்டு. நான் லியோன் என்றேன். "அது எங்கே இருக்கிறது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் கேள்விக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கில் ரோன், சோன் என்னும் இரு நதிகள் கூடும் இடத்தில் அமைந்த பெருநகரம் லியோன். பாரிஸிலிருந்து விரைவு இரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்று சேரலாம். சினிமாவை உலகுக்குத் தந்த லூமியேர் சகோதரர்கள் வாழ்ந்த ஊரும் அதுவே. ஆனால் எனக்கு அவ்வூர் வேறொரு வகையில் உறவு. எங்கள் வீட்டுத் தறியின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அது பிறந்த ஊர் லியோன்!

ஆரணியில் பிறந்த நமக்கு ஜக்கார்டு என்பது ஆட்டுக்கல், அம்மி போல் ஒரு வீட்டுச் சாமான். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை எட்டாம் வகுப்பில்தான் அறிந்தேன். ஜோசப் மரி ஜக்கார்டு 1752ஆம் ஆண்டு லியோனில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். 1804ஆம் ஆண்டு அவர் அமைத்த கருவியில் துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டிருக்கும். ஊடை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் தூக்காது. இவ்வளவுதான் சூட்சுமம். இதிலிருந்துதான் மயிலும் மாங்காயும் அன்னமும் முந்தானையில் வந்து நிற்கின்றன.

அதற்கு முன் என்ன செய்தார்கள்? நெசவாளிக்குப் பக்கத்தில் ஒரு சிறுபிள்ளை உட்கார்ந்து, பூ வேண்டிய இடத்தில் நூல்களை இழுத்துப் பிடிக்க வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு அடை என்று பெயர். தாத்தா தம் ஆறாம் வயதில் அந்த வேலைக்கு உட்கார்ந்தவர். பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதித்ததில்லை. லியோனிலும் பிள்ளைகள் இப்படித்தான் வளைந்து உட்கார்ந்து நூல் இழுத்தார்களாம். ஆகவே அந்தப் பெட்டியை நான் சற்று மரியாதையுடனேயே பார்ப்பேன். மழைக்காலத்தில் எங்கள் ஓட்டுக்கூரை ஒழுகினால் முதல் பிளாஸ்டிக் தாள் அதற்குத்தான். எங்களுக்கு அடுத்த தாள்!

லியோனில் நான் முதலில் ஏற விரும்புவது குருவா ரூஸ் என்னும் குன்று. நெசவாளர் குடியிருந்த குன்று அது. ஜக்கார்டு தறி உயரமானது என்பதால் அங்குள்ள வீடுகளின் கூரையை ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்தில் அமைத்தார்கள். தறிக்காகவே வீடு கட்டிய ஊர்! வீடுகளுக்குள்ளே புகுந்து ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குப் போகும் மூடிய வழிகளும் அந்நகரில் உண்டு. அவற்றின் வழியே பட்டை மழையில் நனையாமல் கொண்டு போவார்கள். தூறல் விழுந்தால் தெருவில் விரித்த பாவை அள்ளிக்கொண்டு ஓடும் நமக்கல்லவா அதன் அருமை தெரியும்?

எதிரே ஃபூர்வியேர் குன்றில் தேவமாதாவின் ஆலயம் இருக்கிறது. முன்னதை உழைக்கும் குன்று என்றும், பின்னதை ஜெபிக்கும் குன்று என்றும் அவ்வூரார் அழைப்பர். 1852ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அங்கு மாதாவின் சுரூபத்தை நிறுவ இருந்தபோது புயல் மிரட்டியது. விழா நின்றுவிடுமோ என்றிருந்த மாலையில் வானம் தெளிய, மக்கள் தாமாகவே சன்னல்தோறும் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்கள். கார்த்திகைக்கு நம் தெருவில் அகல் வைப்பதுபோல் அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. மறைபரப்பு ஞாயிறன்று நாம் காணிக்கை போடுகிறோமே, அதன் வேரும் லியோனில்தான். பட்டு வணிகர் ஒருவரின் மகள் பவுலின் ஜாரிகோ, தொழிலாளப் பெண்களிடம் வாரம் ஒரு காசு சேர்க்கத் தொடங்கி, 1822இல் அச்சபையை உருவாக்கினார். 1862இல் வறுமையிலேயே இறந்த அவர், 2022இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இனிச் சொல்லப்போவது அவ்வளவு இனிப்பானதல்ல. 1831ஆம் ஆண்டு லியோன் நெசவாளர், நெய்யும் துணிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்று கேட்டு உடன்பாடும் கண்டனர். வணிகர் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். நவம்பரில் நெசவாளர்கள் குன்றிலிருந்து இறங்கி நகரையே கைப்பற்றினார்கள். பின்னர்ப் படை வந்தது. கூலி ஒப்பந்தம் செல்லாததாக்கப்பட்டது. 1834இல் மறுபடியும் எழுந்தபோது பலர் மாண்டனர். இதை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்களுக்கு நூல் கொடுக்கும் முதலாளி, புடவையில் இழை விட்டுப்போயிருக்கிறது என்று கூலியில் பிடித்தம் செய்த வாரம் அது. அப்பா தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப அங்க தறி ஓடுதாம்மா?" என்றார்.

ஓடுகிறது, ஆனால் மிகக் கொஞ்சம். பழைய அரண்மனைத் திரைகளைப் புதுப்பிக்க ஓரிரு நிறுவனங்கள் கைத்தறி வைத்திருக்கின்றன. நெசவாளர் பெயரால் அமைந்த அரும்பொருளகம் ஒன்றில் பார்வையாளருக்குத் தறியை இயக்கிக் காட்டுகிறார்கள். உயரக் கூரை வீடுகளோ இன்று பெருவிலைக்குப் போகின்றன. "அப்ப நெசவாளி பிள்ளைங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை.

நான் சிறுமியாய் இருந்தபோது எங்கள் தெருவில் பதினொரு வீட்டில் தறிச்சத்தம் கேட்கும். இப்போது ஐந்து. அண்ணன் செய்யாறு சிப்காட்டுக்கு வேலைப் பேருந்தில் போகிறார். தறியில் உட்காரக்கூடாது, படி என்பது அம்மாவின் கட்டளை. ஆனால் தார் சுற்ற மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார். எனவே லியோனுக்குப் போனால், ஆலயத்தையும் நதிகளையும் பார்த்த பிறகு, குருவா ரூஸ் குன்றில் வயதான ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் பாட்டனார் தறி என்னவாயிற்று, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்பேன். பிரெஞ்சு தெரியாதே என்கிறீர்களா? அதற்குள் கற்றுக்கொள்வேன்.

அப்பாவும் ஒரு வேலை சொல்லியிருக்கிறார். 1839இல் லியோனில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. எங்கள் முந்தானைக்குச் சில நூறு அட்டைகளே போதும். "அந்தப் பெட்டிக்கு எத்தனை கொக்கின்னு எண்ணிட்டு வா. ஊடை எவ்வளவு நெருக்கம்னும் பாரு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு மிதியில் கால் வைத்தார்.