எந்த ஊர் ஐரிஷ்?

செப்டம்பர் 24, செவ்வாய். கால்வே

மாலை வகுப்பு தொடங்கிவிட்டது. சி1 நிலை. மேனூத் பல்கலைக்கழகம் நடத்தும் டெக் சான்றிதழ்த் தேர்வுகளில் இதற்கு மேல் படி கிடையாது. வந்திருப்பவர்கள் எல்லாரும் பள்ளிக்காலம் முழுக்க ஐரிஷைக் கட்டாயப் பாடமாகப் படித்து, இடையில் விட்டு, பிறகு தாமாகவே தேடி வந்தவர்கள். ஒரு வழக்கறிஞர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், பணி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். வழக்கறிஞருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போக ஆசை. 2007-லேயே அங்கே அலுவல் மொழியாகிவிட்ட ஐரிஷ், 2022 ஜனவரி 1 முதல்தான் மற்ற மொழிகளுக்குச் சமமாக நடத்தப்படுகிறது. வேலைகளும் அதனால் வந்தன.

ஒவ்வொருவரையும் சற்று நேரம் பேசவிட்டுக் கேட்டேன். இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் யாருடைய பேச்சிலும் ஊர் இல்லை. அவர்கள் பேசுவது 1958-ல் அரசு வெளியிட்ட தர இலக்கணத்தின் மொழி. எழுத்து வேலைக்காக வட்டார வழக்குகளிலிருந்து தேர்ந்து திரட்டியது அது. சட்டத்துக்கும் பாடநூலுக்கும் அது வேண்டும், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அது யார் வீட்டிலும் பிறந்த பேச்சு அல்ல. ஆகவே முதல் வீட்டுப்பாடம்: மன்ஸ்டர், கொனாக்ட், அல்ஸ்டர் என்ற மூன்று வட்டார வழக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் அதற்குள் ஒரு ஊரை.

அக்டோபர் 1, செவ்வாய்

மெய்யொலிகளுக்கே முழு வகுப்பும் போனது. போகட்டும். ஐரிஷில் ஏறக்குறைய ஒவ்வொரு மெய்க்கும் இரண்டு உருவம் உண்டு: அகன்றது, மெலிந்தது. படகு என்ற சொல்லின் கடைசி ‘ட’கரத்தை, நாக்கின் நடுப்பகுதியை அண்ணத்தை நோக்கி உயர்த்தி மெலிவாகச் சொன்னால் படகுகள் என்று ஆகிவிடும். உயிரொலி மாறாது, விகுதி சேராது. ஆங்கிலத்தில் வளர்ந்த காதுக்கு இந்த வேறுபாடே விழுவதில்லை. இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடும் என்று சொல்லிப் பல ஆசிரியர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். நான் விடுவதாக இல்லை. ஒருமை பன்மையையும் வேற்றுமையையும் சுமந்து நிற்கும் ஒலி அது. அது போனால் இலக்கணத்தில் பாதி தாளில்தான் மிஞ்சும்.

அக்டோபர் 5, சனி. கரரோ

இன்று நான் மாணவி. கொனமாராக் கரையோரம், ஐரிஷ் இன்னும் வீட்டுமொழியாக உள்ள கேல்டக்ட் ஊர் இது. இங்கே ஒரு மூதாட்டி வீட்டுக்கு வந்துபோகிறேன். இலக்கணச் சொல் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. ‘மேசைமேல்’ என்பதை நான் அல்ஸ்டரின் டோனிகால்காரர் போலச் சொன்னேன், வேண்டுமென்றேதான். அங்கே முன்னிடைச்சொல்லுக்கும் சுட்டுக்கும் பிறகு வரும் ‘ப’கரம் ‘வ’கரமாக நெகிழும், இங்கே ‘ம’கரமாக மாறும்.

“வடக்கே அப்படிச் சொல்வார்கள் மகளே. நாங்கள் சொல்வதில்லை” என்றார்.

பிழை என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். புத்தகம் படித்தவர்கள்தாம் சரி, தவறு என்று பேசுகிறோம். இவருக்கு உள்ளவை எங்கள் ஊர், அடுத்த ஊர் என்ற இரண்டே. மேல்நிலை மாணவனுக்கு வரவேண்டிய அறிவு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

‘க்ரே ந கில்லெ’ வாசிப்பு. மார்ட்டீன் ஓ கைன் 1949-ல் வெளியிட்ட நாவல். கொனமாராக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் புதைந்தவர்கள் மண்ணுக்கடியில் ஓயாமல் பேசுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். கதைசொல்லி கிடையாது. பேசுவது யார் என்றும் ஆசிரியர் சொல்லமாட்டார். பேச்சை வைத்தே ஆளை அறிய வேண்டும். காது இல்லாதவரால் இந்தப் புத்தகத்துக்குள் நுழைய முடியாது. ஆங்கிலத்தில் முழுமையாக அச்சேற 2015 வரை ஆனது.

ஓ கைன் ஸ்பிடல் பக்கத்துக்காரர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கர்ரா முகாமில் தடுப்புக் காவலில் இருந்தபோது, உடனிருந்தவர்களுக்கு ஐரிஷ் கற்றுக்கொடுத்தவர். 1969-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். செவிலியர் அம்மா ஒரு பக்கத்தை எடுத்து, குரலுக்குக் குரல் மாற்றி வாசித்தார். முதல் வகுப்பில் கேட்ட ஆளா இவர் என்று இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

டோகன் ஒலிப்பதிவுகள். 1928 முதல் 1931 வரை வில்ஹெல்ம் டோகன் என்ற ஜெர்மானியர் தலைமையில் ஐரிஷ் பேசுவோரின் குரல்கள் பதிவாயின. பலரிடமும் ஊதாரி மகன் கதையைச் சொல்லச் சொன்னதால், ஒரே கதையைப் பல ஊர் வாயில் கேட்கலாம். டைரோன், லவுத் மாவட்டக் குரல்களும் உண்டு. அவ்விடங்களில் வழிவழி வந்த ஐரிஷ் இன்று இல்லை. டைரோன் குரல் முடிந்ததும் வழக்கறிஞர் மறுபடி போடச் சொன்னார். அவருடைய பாட்டனார் அந்தப் பக்கத்தவராம்.

நவம்பர் 23, சனி

மூதாட்டிக்கு உடம்பு சரியில்லை, போகவில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தேன். ஐரிஷ் தெரியும் என்றவர்கள் 18,73,997 பேர். கல்விக்கூடத்துக்கு வெளியே அன்றாடம் பேசுவோர் 71,968. இனி இதைப் பேசப்போகிறவர்களில் பெரும்பாலோர் என் வகுப்பில் இருப்பவர்களைப் போலக் கற்று வந்தவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் வாயில் எந்த ஒலி தங்குகிறதோ அதுவே மொழியின் ஒலியாகும். அதனால்தான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

வெளியிலிருந்து வந்தவர் ஊர்க்காரரிடம் கற்பது புதிதல்ல. 1907-ல் நார்வே அறிஞர் கார்ல் மார்ஸ்ட்ராண்டர் பிளாஸ்கெட் தீவுக்கு வந்து, தொமாஸ் ஓ க்ரிஹன் என்ற மீனவரிடம் உட்கார்ந்து படித்தார். பண்டிதர் மாணவர், மீனவர் ஆசான். அந்த மீனவர் 1929-ல் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். தீவு 1953-ல் காலியானது.

டிசம்பர் 3, செவ்வாய்

பருவம் முடிந்தது. ஆசிரியர்கள் இருவரும் தேர்ந்தெடுத்தது கொனமாரா. செவிலியர் அம்மா மன்ஸ்டரில் கெர்ரி. வழக்கறிஞர் கேட்டது டைரோன். அந்தப் பேச்சைக் கற்றுத்தர உயிரோடு ஆள் இல்லை என்று அவரிடம் சொன்னேன். டோனிகாலில் தொடங்கி, ஒலிப்பதிவைத் துணைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஜனவரியில் எழுத்துப் பயிற்சி நேரத்தைக் குறைத்து, கேட்பதற்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கப்போகிறேன். அல்ஸ்டர் பதிவுகளை நானும் இந்த விடுமுறையில் முதலிலிருந்து கேட்க வேண்டும்.