கீழ்வீட்டு வாடகை

எங்கள் குடும்பத்தில் வாடகைத் தொழில் மூன்று விதமாக நடக்கிறது. டெக்சஸில் ஃபிரிஸ்கோ சித்தப்பாவுக்கு நான்கு வீடுகள். குடியிருப்பவர்கள் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. வாடகையில் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் கவனிக்கிறது. மாதாமாதம் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அவர் கணக்கு.

ஃப்ரீமான்ட் அத்தைக்கு ஒரே வீடு. வாடகை கடன் தவணைக்கே பற்றாது. விலை ஏறும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருக்கிறார். 1978இல் கலிஃபோர்னியாவில் நிறைவேறிய ப்ரொபொசிஷன் 13 அவருக்குத் துணை. வீடு கைமாறாத வரை, வரிக்கான மதிப்பை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது.

அப்பாவுடையது 'கையில் காசில்லாதவன் மாடல்'. அவரே வைத்த பெயர். ஜெர்சி சிட்டியில் இரண்டு குடும்ப வீடு. மேலே நாங்கள், கீழே வாடகைக்கு. நாமே குடியிருந்தால் எஃப்ஹெச்ஏ கடனுக்கு 3.5 சதவீதம் முன்பணம் போதும். நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு 14,000. கீழ்வீட்டு வாடகை தவணையில் பெரும்பகுதியைக் கட்டிவிடும். சாமர்த்தியமான வழிதான். என்ன, கீழே வெங்காயம் வதக்கினால் உங்கள் படுக்கையறை வரை மணக்கும்.

2018இல், முப்பது வருடங்களுக்குப் பிறகு, நகரம் எல்லா வீடுகளையும் மறுமதிப்பீடு செய்தது. சிலருக்கு வரி குறைந்தது. எங்களுக்கு ஏறியது. நான் அப்போது பன்னிரண்டாவது. கீழே ஒரு குஜராத்தி ஆன்ட்டியும் அவர் மகனும் ஒன்பது வருடமாக இருந்தார்கள், 1,300 டாலருக்கு. அப்பாவின் ஆபீஸ் நண்பர் 1,900 தரத் தயார் என்றார்.

"அண்ணா, சென்டிமென்ட் வேற, பிசினஸ் வேற" என்று சித்தப்பா ஃபோனில் சொன்னார்.

நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நியூ ஜெர்சியில் 1974இலிருந்தே, ஒப்பந்தம் முடிந்தாலும் தக்க காரணம் இல்லாமல் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. ஆனால் சொந்தக்காரர் அதே கட்டடத்தில் வசித்து, வாடகை வீடுகளும் இரண்டுக்கு மேல் இல்லையென்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, நாங்கள் மேலே இருந்ததாலேயே ஆன்ட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"வருஷத்துக்கு 7,200 டாலர்ப்பா. என் காலேஜ் லோன் குறையும்ல?" என்றேன்.

"சரி, நீயே போய்ச் சொல்லிட்டு வா" என்றார் அப்பா.

போனேன். கதவைத் திறந்ததும், "மேலே ஹீட்டர் சத்தம் போடுதா?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

வாடகை 1,500 ஆனது. விட்டுப்போன பணம் என் காலேஜ் கடனில் ஏறியது, இன்னும் கட்டுகிறேன். அப்பா செய்தது சரி என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறேன். தவணை தேதியன்று மட்டும் அப்படித் தோன்றுவதில்லை.

போன வாரம் பேயோனில் எனக்காக ஓர் இரண்டு குடும்ப வீடு பார்த்தேன். அதே 3.5 சதவீதக் கணக்கு. கீழே ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். "வாடகை ரொம்பக் குறைவு, வாங்கினதும் ஏத்திடலாம்" என்றார் ஏஜென்ட். எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.