குஞ்சுக்கு விலகத் தெரியும்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். கூடவே சுகர். முதலில் மாடி ஏறுவது நின்றது, அப்புறம் கோயிலுக்கு நடப்பது. தரையில் சம்மணம் போட்டுக் காய் நறுக்குவதும் நின்றபோதுதான், "அந்தச் சிவப்பு லைட்டை வீட்டுக்கே வாங்கிப் போட்டா என்னடா?" என்று அவரே கேட்டார். பிசியோதெரபிக்குப் போய் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வரும் நாட்களில் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். ஆனால் போகவர ஆட்டோ, அங்கே காத்திருப்பு என்று அரை நாள் அதிலேயே கரைந்துவிடும்.

வாங்கப் புறப்பட்டால் எத்தனை வகை! சர்ஜிக்கல் கடையில் மேசை மேல் வைக்கிற சிவப்பு விளக்கு. எலெக்ட்ரிக்கல் கடையில் 250 வாட் இன்ஃப்ரா ரெட் பல்பு, சிவப்பிலும் வெள்ளையிலும். இணையத்தில் வரிசை வரிசையாக எல்.இ.டி. பதித்த பலகைகள், பல்பைப் போலப் பல மடங்கு விலையில். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற என் மச்சானிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அதே பல்பு நம்ம ஷெட்டுல தொங்குதுங்க மாப்ள. குஞ்சு இறக்குற அன்னைக்கு வந்து பாருங்க."

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அம்மாவின் காலைவிட அலைநீளம்தான் எனக்கு ருசித்தது. ராத்திரியெல்லாம் படித்தேன். படித்ததில் கணிசமானது பயனுள்ளதுதான்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் பாதரசம் இன்னும் மேலே ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. அதிலும் சிவப்பை ஒட்டியிருக்கிற, சுமார் 1400 நானோமீட்டர் வரையிலான பகுதியை அண்மை அகச்சிவப்பு என்கிறார்கள். தோலுக்குள் சில மில்லிமீட்டராவது இறங்குவது இந்தப் பகுதிதான். அதைவிட நீண்ட அலைகளைத் தோலிலுள்ள நீர் மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடும்.

வெப்ப பல்பு என்பது கொஞ்சம் மந்தமாக எரியும் குண்டு பல்புதான். டங்ஸ்டன் இழை 2,400 கெல்வின் அளவில் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் கதிர்வீச்சு உச்சம் 1200 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். மொத்த ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு அண்மை அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மிகச் சொற்பம். மீதியெல்லாம் நீண்ட அலை, அதாவது வெறும் சூடு. சிவப்புக் கண்ணாடி போட்ட பல்பில் அகச்சிவப்பு ஒன்றும் கூடுவதில்லை. கூசுகிற வெளிச்சத்தை அது குறைக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சமே இல்லாத பீங்கான் ஹீட்டர்கள் இன்னொரு வகை. அவற்றில் வருவது பெரும்பாலும் நீண்ட அலை என்பதால் சூடு தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும்.

எல்.இ.டி. பலகைகளின் கதை வேறு. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்க எலிகளின் முதுகை மழித்து ரூபி லேசரைக் காட்டினார். புற்றுநோய் வரவில்லை, மழித்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. சூடு உறைக்காத அளவு ஒளியே செல்லில் வேலை செய்யும் என்ற ஆராய்ச்சி அங்கிருந்து கிளைத்ததுதான். 660, 850 நானோமீட்டர் என்றெல்லாம் பலகைகளில் போட்டு விற்பது இதை வைத்துத்தான். வெப்ப பல்பிலும் 850 இருக்கிறது. ஆனால் 800க்கும் 900க்கும் இடையில் வருவது மொத்தத்தில் நூற்றுக்கு நாலைந்துகூடத் தேறுமா என்பது சந்தேகம். அந்தக் கொஞ்சத்தை வேண்டிய அளவு வாங்குவதற்குள் தோல் வெந்துவிடும். ஒளி சிகிச்சை பற்றிய பேச்சில் 1903இல் நோபல் பெற்ற நீல்ஸ் ஃபின்சன் பெயரும் தவறாமல் வரும். அவரோ தோல் காசநோய்க்குக் குற்றலை ஒளியைப் பாய்ச்சியவர். சூடு தோலைச் சுடக்கூடாது என்று லென்சுக்குள் தண்ணீர் ஓடவிட்டவர். ஆக, இந்த பல்பை வாங்குகிறவர் வாங்குவது ஒத்தடம். நல்ல ஒத்தடம், ஆனால் ஒத்தடம்தான்.

இந்தத் தெளிவோடு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போய், "250 வாட்டா, 150 வாட்டாம்மா?" என்று கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி முழங்காலில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது எப்படிம்மா இருக்கு?"

"சூடு."

"இது?"

"ஜில்லுங்குது."

கெண்டைக்காலில் அம்மா கொஞ்சம் யோசித்துச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். பாதத்தில் வைத்தபோது பதில் வரவில்லை. குழாயை மாற்றி மாற்றி வைத்தும், "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு கண்ணு, ஏதோ தொடுற மாதிரி" என்றார். கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. சுகரில் பாத நரம்பு மரத்துப்போகும் என்று படித்திருக்கிறேன். கண்ணெதிரே பார்ப்பது வேறு.

"இந்தப் பாதத்துக்கு எந்த வாட்டும் வேண்டாங்க சார்," என்றார் அந்தப் பெண். "முட்டிக்கு மட்டும் வைங்க. பாதத்தைத் துணி போட்டு மூடிடுங்க. சுடுதுன்னு அம்மா சொல்வாங்கன்னு காத்திருக்காதீங்க."

அடுத்த வாரம் மச்சான் ஷெட்டில் குஞ்சு இறக்கினார்கள். தகடு வளைத்துக் கட்டிய வட்டம், உள்ளே தேங்காய் மஞ்சு பரப்பியிருக்க, நடுவில் பல்புகள் தொங்கின. முதல் வாரம் 35 டிகிரி வேண்டும் என்றார். வாரத்துக்கு மூன்று டிகிரிபோலக் குறைப்பார்களாம். ஆனால் அவர் வெப்பமானியை அதிகம் பார்க்கவில்லை. குஞ்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வட்டத்தில் எல்லாம் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்தன. கயிற்றை இறக்கினார். இன்னொன்றில் நடுவே காலி, குஞ்சுகள் தகட்டோரமாக வாய் பிளந்து மூச்சிரைத்தன. கயிற்றை ஏற்றினார். "குஞ்சுக்கு விலகத் தெரியும் மாப்ள. அதுதான் நம்ம மீட்டரு."

நான் தேடியலைந்த விஷயம் அந்த வட்டத்துக்குள் இருந்தது. இந்த பல்பில் அளவு பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. அளவு பார்ப்பது கீழே இருக்கிற உடம்பு. சூடு தெரிந்து விலகுகிற உடம்பாக இருந்தால் சாதாரண பல்பும் போதும். விலகத் தெரியாத உடம்புக்கு எவ்வளவு உயர்ந்த விளக்கும் அடுப்புதான். மரத்த கால், தூக்க மாத்திரை போட்டவர், கைக்குழந்தை, பக்கவாதத்தில் உணர்விழந்த பக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

அதன் பிறகு தேர்வு சுலபமாகிவிட்டது. வாட் குறைந்த சிவப்பு பல்பு போதும் என்று முடிவு செய்தேன். கூசாது, சூடும் மெல்ல ஏறும். கடினக் கண்ணாடி பல்பாகக் கேட்டு வாங்கினேன். எரியும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் சாதாரணக் கண்ணாடி விரிந்துவிடும். உடையாமலிருக்க டெஃப்லான் பூசிய பல்புகளும் உண்டு. சூட்டில் அதன் புகை பறவைகளைக் கொன்றுவிடும் என்பதால் கோழிக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள், நானும் தொடவில்லை. இந்த பல்புகள் பெரும்பாலும் திருகு வகை. நம் வீட்டு ஹோல்டர்களோ பின் வகை. இடையில் பிளாஸ்டிக் அடாப்டர் மாட்டினால் உருகும். பீங்கான் ஹோல்டர், முன்னால் கம்பி வலை, சாயாத கனமான அடி மூன்றும் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 230 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். 120 வோல்ட் பல்பு நம் மின்சாரத்தில் போட்ட வேகத்தில் போய்விடும். மின்கட்டணம் பயப்படும்படி இல்லை. 250 வாட் பல்பே ஆனாலும், இருபது நிமிஷம் வீதம் பன்னிரண்டு தடவை எரித்தால்தான் ஒரு யூனிட்.

வீட்டில் வழக்கம் இப்படி: நாற்காலிக்குப் பக்கவாட்டில் விளக்கு, தலைக்கு மேல் ஒருபோதும் இல்லை. இரண்டடித் தூரத்தில் தொடங்கி, பதினைந்து நிமிஷம். பாதிக்கு நெருங்கினால் சூடு இரு மடங்குக்கும் மேலே ஏறிவிடும். கொலுசைக் கழற்றி, தைலத்தைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பல்பை நேராகப் பார்க்கக்கூடாது. உலை முன் வருஷக்கணக்கில் நின்ற கண்ணாடித் தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்த வரலாறு உண்டு. இடையிடையே என் புறங்கையை அம்மாவின் முட்டியருகே நீட்டிப் பார்ப்பேன். முட்டித் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடு விழுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கிறேன். ஒரே இடத்தில் நாள்தோறும் சூடு படுவதன் அடையாளம் அது. வீங்கிச் சிவந்திருக்கிற நாளில் விளக்கே கிடையாது.

அந்தப் பதினைந்து நிமிஷமும் நான் எழுந்து போக முடியாது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. போனைப் பார்ப்பேன், அம்மா சீரியல் கதை சொல்வார், நான் 'உம்' கொட்டுவேன். விளக்கு அணைந்ததும் முட்டி இளகியிருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்ய வைக்க வேண்டும். உட்கார்ந்து எழ வலு கொடுத்தது அந்தப் பயிற்சிதான். விளக்கு அதற்கு வழிவிட்டது.

எந்த பல்பு வாங்கலாம் என்று இப்போது யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பவை மூன்று. உட்காரப்போவது யார்? அவருக்குச் சூடு தெரிகிறதா, பிசியோதெரபிஸ்ட் யாராவது குழாய் வைத்துப் பார்த்தார்களா? பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் எலெக்ட்ரிக்கல் கடை பல்பே போதும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வெதுவெதுப்பான வெந்நீரில் துணியை நனைத்து, முதலில் நம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுக்கலாம். அதற்கு அலைநீளம் பார்க்க வேண்டியதில்லை.