மூடாத வட்டம்

கொச்சி வைட்டிலா சந்திப்பில் அதிகாலை ஐந்து மணிக்கு நிற்பவருக்கு, உலகில் மலை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். 2011-ல் திறக்கப்பட்ட மொபிலிட்டி ஹப்பில் பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மெட்ரோ ரயில் 2019-ல் வந்தது, 2023-ல் காயலில் ஓடும் வாட்டர் மெட்ரோவும் சேர்ந்துகொண்டது. எல்லாமே கடல் மட்டத்து வாழ்க்கை. ஆனால் இங்கிருந்து சுமார் 130 கி.மீ. தொலைவில் மூணாறு. அதற்கும் மேலே 2,640 மீட்டர் உயரத்தில் மீசைப்புலி மலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) அடுத்த சிகரம் இதுதான்.

ஒரு டிசம்பர் மாதம், மூணாறு பஸ்ஸில் ஏறும்போது என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. மேற்குப் பக்கம் சைலண்ட் வேலி எஸ்டேட் வழியாக ஏறி, மலை முகட்டிலேயே நடந்து, கிழக்கே கொழுக்குமலையில் இறங்கி, சூரியநெல்லி வழியாக மூணாறு திரும்புவது. வரைபடத்தில் பென்சிலால் இழுத்தால் அழகான ஒரு வட்டம்.

கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் அந்த நெடுஞ்சாலையில் பஸ் ஏற ஏற, மொழி மெல்ல நிறம் மாறுவதைக் கேட்கலாம். மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிற எனக்கு இது இலவசப் பாடம். அடிமாலியில் 'சாயா' கேட்டவர்கள் மூணாறில் 'டீ' கேட்கிறார்கள். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. தேயிலைத் தோட்டங்களில் தமிழ் அப்படியே தங்கிவிட்டது. எனக்கு வழிகாட்டியாக வந்த இளைஞரும் தோட்டத் தொழிலாளியின் மகன்தான். முதல் வார்த்தையிலேயே "வாங்கக்கா" என்றார்.

கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி பெற்று, முகாமில் தங்கி, விடியற்காலையில் கிளம்பினோம். இந்த நடையின் கஷ்டம் உயரத்தில் இல்லை. ஏறிய உயரத்தை அடுத்த பள்ளத்தில் இழந்து மறுபடி ஏற வேண்டியிருப்பதில்தான் இருக்கிறது. ஒரு குன்று முடிந்தது என்று மூச்சு விட்டால் எதிரே இன்னொன்று. பள்ளங்களில் சோலைக்காடு, மேலே வெறும் புல்வெளி. முகட்டுக்கு வந்துவிட்டால் காற்று ஆளைத் தள்ளும்.

ஒரு பாறை விளிம்பில் வரையாடுகள் நின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, கேரள மண்ணில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. மலையாளத்திலும் அதற்கு வரையாடு என்றே பெயர். சங்கப் பாடல்களில் 'வருடை' என்று படித்துத் தேர்வு எழுதிய விலங்கை நாற்பது வயதுக்கு மேல்தான் நேரில் பார்த்தேன். செங்குத்தான பாறையில் அது நடந்ததைப் பார்த்தபோது, என் முழங்கால்களைப் பற்றி எனக்கு வெட்கமாக இருந்தது.

உச்சியில் தெற்கே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் தெரிந்தது. கிழக்கே மேகத்துக்குக் கீழே தேனி மாவட்டம். நான் கொழுக்குமலைப் பக்கம் கைகாட்டி, "அப்படியே இறங்கிடலாமா தம்பி?" என்றேன்.

"அந்தப் பக்கம் அனுமதி இல்லக்கா" என்றார். சற்றுப் பொறுத்து, "புல்லப் பாருங்க. இன்னும் ரெண்டு மாசத்துல இது பூரா காஞ்சு கெடக்கும்" என்றார்.

வேறெதுவும் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 2018 மார்ச் 10-ந் தேதி சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் அடிவாரக் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறின. மறுநாள் இறங்கும்போது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. மொத்தம் 23 பேர் உயிரிழந்தார்கள். பலர் இளம் பெண்கள்.

மலைச்சரிவில் தீயின் இயல்பு சமவெளியில் இருப்பதுபோல் அல்ல. கீழிருந்து வரும் சுவாலை மேலே உள்ள புல்லின் மீது சாய்ந்து, அதை முன்கூட்டியே உலர்த்திப் பற்றவைக்கிறது. அதனால் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். மனிதன் ஏறும் வேகம் அதற்கு ஈடாகாது. பாதை தெரியாதவர்களுக்குப் பள்ளம் அடைக்கலம்போலத் தோன்றும். புகையும் அனலும் திரள்வதும் அங்கேதான்.

அந்த விபத்துக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை 2018-லேயே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டி, முன்பதிவு ஏற்பாடுகளோடு திறந்துவிட்டது. குரங்கணியிலிருந்து புறப்படும் ஒரு பாதையும் அவற்றில் உண்டு. தீப்பருவத்தில் பாதைகளை மூடிவைப்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. பூட்டிய கதவைக் கண்டு எரிச்சல்படும் மலையேறிகள் உண்டு. அன்று காலை வரை நானும் அவர்களில் ஒருத்தி.

வந்த வழியே திரும்பினோம். ஏறிய குன்றுகள் அத்தனையையும் மறுபடி ஏறி இறங்கினோம்.

மறுநாள் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலைக்குப் போனேன். எலும்பைக் குலுக்கும் பாதை அது. விசித்திரம் என்னவென்றால், கொழுக்குமலை தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் வண்டிப்பாதை கேரளத்திலிருந்துதான். தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணிக்கு இறங்குவது நடைபாதை மட்டுமே. ஒரு காலத்தில் இந்த மலைக்குச் சரிவு தடையாக இருந்ததில்லை. 1908 முதல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி கோட்டக்குடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மலை மூடிய பாதைகளும் உண்டு, மனிதன் மூடிய பாதைகளும் உண்டு.

கொழுக்குமலை விளிம்பில் நின்று மீசைப்புலி மலையைப் பார்த்தேன். முந்தைய நாள் நான் நின்ற உச்சி மேகத்துக்குள் இருந்தது. இந்தப் பக்கம் குரங்கணிச் சரிவில் புல் பச்சையாக, ஒன்றும் அறியாததுபோல் அசைந்துகொண்டிருந்தது. 2018 மார்ச்சில் எரிந்த இதே மலைத்தொடரில்தான் அதே ஆண்டு பிற்பகுதியில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி இனி 2030-ல் பூக்கும். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த 23 பேர் நினைவுக்கு வருவார்கள் என்று யோசித்தேன்.

இரவு வைட்டிலாவில் இறங்கியபோது கடல்மட்டத்துப் புழுக்கம் முகத்தில் அறைந்தது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பென்சில் வட்டத்தில் உச்சிக்கும் கொழுக்குமலைக்கும் இடையே ஒரு விரற்கடை தூரம் நான் நடக்காதது. அந்தத் துண்டை மட்டும் ரப்பரால் அழித்தேன். வட்டம் மூடாமலே இருக்கிறது. இருக்கட்டும்.